முதல் வீடு: எது முதலில், எது பிறகு?

(தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்க அங்கத்தவர்கள் பிள்ளை மடுவத்தில் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சேமநல உத்தியோகத்தர் ஆற்றிய உரை. வாசகர்களின் நன்மை கருதி இங்கே தருகிறோம்.)



ஆறு நாள் மலையில் நின்றுவிட்டு, ஏழாவது நாள் துணி துவைக்க, விறகு பொறுக்க, பிள்ளைகளைக் குளிப்பாட்ட என்று ஆயிரம் வேலை இருக்கும்போது இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு நாம் பேசப்போவது வீட்டைப் பற்றி.

இந்த மடுவத்தில் மூன்று வகையானவர்கள் இருக்கிறீர்கள். ஏழு பேர்ச்சஸ், பத்து பேர்ச்சஸ் காணியும் வீடும் கிடைக்கும் என்று பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் ஒரு வகை. பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைத்து அனுப்பிய சல்லியைச் சேர்த்து, டவுன் பக்கம் ஒரு துண்டுக் காணி வாங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு வகை. வேலையைத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டு, கம்பி வானத்தைப் பார்க்க நிற்கிறதே என்று கவலைப்படுபவர்கள் மூன்றாவது வகை.

மூன்று பேருக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. உங்கள் குடும்பத்துக்கே இதுதான் முதல் சொந்த வீடு. 2023-ஆம் ஆண்டில் நாம் மலையகத்துக்கு வந்து 200 வருஷம் என்று நினைவுகூர்ந்தோம். இத்தனை தலைமுறையும் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில்தான் பிறந்தோம், வளர்ந்தோம். நானும் அப்படித்தான். வேறு ஊரில் ஒருவர் காணி வாங்கினால், உறுதி வாசிக்கத் தெரிந்த மாமன், பெரியப்பா என்று நாலு பேர் கூடப் போவார்கள். நமக்கு அப்படிப் போக ஆள் கிடையாது. நம்ம அப்பாவும் வாங்கினதில்லை, தாத்தாவும் வாங்கினதில்லை. அதனால்தான் நாம் சுலபமாக ஏமாறுகிறோம். யாரும் ஏமாற்றாவிட்டாலும் நாமே தப்புக் கணக்குப் போட்டு விடுகிறோம்.

தப்புக் கணக்கு என்றதும் முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

முன்னர் நான் வேலை செய்த தோட்டத்தில் ஒரு குடும்பம் தங்கள் ஏழு பேர்ச்சஸில் வீட்டைக் கட்டி முடித்தது. வீட்டுக்காரர் ஒருநாள் என்னிடம் வந்தார். “ஐயா, கையில இன்னும் எழுபதாயிரம் இருக்கு. பின்பக்கம் வெட்டின மண்ணுக்குக் கல்லு அடுக்கிக் கான் வெட்டுறதா, இல்ல முன்பக்கம் டைல்ஸ் போட்டு வர்ணம் அடிக்கிறதா? மகளுக்குக் கல்யாணம் வருது” என்று கேட்டார். நான் சொன்னேன், “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற நேரம். முன்பக்கத்தை முடிங்க. கல்லு பிறகு அடுக்கலாம்.”

கல்யாணம் நன்றாக நடந்தது. நானும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த வருஷ ஐப்பசி மழையில் ஓர் இரவு, பின்பக்கத்து மண் அப்படியே வந்து குசினிக்குள் உட்கார்ந்தது. குசினிச் சுவர் போனது, தையல் மெசின் போனது. எல்லோரும் முன்னறையில் படுத்திருந்ததால் உயிர் தப்பினார்கள். பதினொரு மாதம் மறுபடியும் லயத்தில் தம்பி வீட்டுக் காம்பராவில் பாதியில் இருந்தார்கள். அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. “ஐயா சொன்னீங்க, செஞ்சோம்” என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து வீட்டைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே ஒரு சட்டம்தான் சொல்கிறேன். பிறகு திருத்த முடியாததை முதலில் பாருங்கள். பிறகு திருத்தக்கூடியதைப் பிறகு பாருங்கள்.

டைல்ஸ் அடுத்த வருஷம் போடலாம். வர்ணம் பத்து வருஷம் கழித்தும் அடிக்கலாம். காணி இருக்கும் இடத்தை மாற்ற முடியாது. தப்பாக எழுதின கடதாசியைச் சுலபத்தில் மாற்ற முடியாது. மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்ட கடனை நடுவில் உதறிவிட முடியாது. இந்தச் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. மண்

முதலாவது மண். 2014-ஆம் ஆண்டு ஒக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அது ஆபத்தான இடம் என்று அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண் சரிந்ததையும் கண்ணால் கண்டோம்.

ஓர் இடம் வீடு கட்ட ஏற்றதா என்று பார்த்துச் சொல்லும் அரசாங்க நிறுவனம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். வீட்டுத் திட்டத்துக்கு இடம் ஒதுக்கும்போது, “இந்த இடத்துக்கு அந்த நிறுவனத்தின் அறிக்கை இருக்கிறதா?” என்று கேளுங்கள். இருந்தால் காட்டச் சொல்லுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சொந்தமாகக் காணி வாங்குகிறவர்கள் முற்பணம் கொடுக்கும் முன்பே அந்த அறிக்கைக்கு விண்ணப்பிக்க வேண்டும். எப்படி விண்ணப்பிப்பது என்று பிரதேச செயலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள்.

நாமே பார்க்கக்கூடியதும் இருக்கிறது. வெயிலில் போய்ப் பார்த்தால் எல்லாக் காணியும் நல்ல காணிதான். அதை மழையில் போய்ப் பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கமாக இறங்குகிறது? நிலத்தில் வெடிப்பு இருக்கிறதா? மரங்களும் கரண்ட் கம்பங்களும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கின்றனவா? முன்பு இல்லாத இடத்தில் ஊற்று வருகிறதா? பக்கத்து வீட்டுச் சுவரில் புது வெடிப்பு உண்டா, கதவு இறுகுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் யோசிக்க வேண்டும். அந்த மலையில் முப்பது நாற்பது வருஷம் கொழுந்து எடுத்த பாட்டிமார் இருக்கிறார்களே, அவர்களிடம் கேளுங்கள். எந்த இடத்தில் மாரியில் கால் புதையும், எங்கே முன்பு கான் ஓடியது என்று அவர்களுக்குத் தெரியும்.

இடம் நல்லதாக இருந்தாலும் வெட்டுகிற விதத்தில் கெடுத்துவிடலாம். பெக்கோவைக் கொண்டுவந்து பின்பக்கத்தைச் சுவர் மாதிரி நேராக வெட்டிவிட்டு, அந்த மண்ணையே முன்பக்கம் தள்ளி நிரப்பி, பாதி வீட்டை வெட்டின நிலத்திலும் பாதி வீட்டைக் கொட்டின மண்ணிலும் கட்டுகிறோம். கொட்டின மண் பிறகு கீழே இறங்கும். அப்போது வீடு நடுவில் வெடிக்கும். ஆகவே அத்திவாரம் பழைய நிலத்தில் உட்கார வேண்டும். வெட்டின கரைக்கு மேலே மழைத்தண்ணீரைத் திருப்ப ஒரு கான், கரைக்குக் கீழே ஒரு கான், கரைக்குக் கல்லடுக்கு. கூரைத் தண்ணீரையும் பீலி வைத்துக் கானுக்குள் விடுங்கள். சீமெந்துப் பூச்சுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. கையில் சல்லி குறைவென்றால் ஓர் அறையைக் குறையுங்கள். கானைக் குறைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மண்சரிவு எச்சரிக்கைக்கு ஒரு கணக்கு உண்டு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழையைத் தாண்டினால் கவனமாக இருக்க வேண்டும். 100-ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக இருக்க வேண்டும். 150-ஐத் தாண்டினால், அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75 பெய்தால், ஆபத்தான இடத்தில் இருப்பவர்கள் வெளியேற வேண்டும். தோட்டத்தில் மழை அளக்கும் கருவி இருக்கிறது, ஒபீசில் எழுதி வைக்கிறார்கள். அடைமழை நாளில் அந்தக் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2. கடதாசி

இரண்டாவது கடதாசி. இதில் நான் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

ஒரு தங்கச்சி ஆறு வருஷம் குவைத்தில் வீட்டு வேலை செய்தது. திரும்பி வந்து, வேலையிலிருந்து நின்று கொழும்புக்குப் போன ஒரு குடும்பத்திடம், தோட்டத்திலேயே இருந்த வீட்டையும் சுற்றியிருந்த காணியையும் ஆறு லட்சத்துக்கு வாங்கியது. ஒரு கடதாசியில் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சி கையெழுத்தும் போட்டார்கள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு, விற்றவரின் மூத்த மகன் வந்து, “அப்பா வித்தது எனக்குத் தெரியாது, வீட்ட விடுங்க” என்று நின்றார். ஒபீசில் கேட்டால், அந்த வீடு விற்றவருக்கே சொந்தம் இல்லை என்றார்கள். நானும் அந்தத் தங்கச்சியோடு ஒரு சட்டத்தரணியிடம் போனேன். அவர் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது காசு கொடுத்ததுக்கு அத்தாட்சி. காணி வாங்கினதுக்கு அத்தாட்சி இல்லை” என்றார். தவணை தவணையாக இரண்டு லட்சம்தான் திரும்பி வந்தது. அந்தத் தங்கச்சி மறுபடியும் குவைத்துக்குப் போய்விட்டது. அப்போது அதன் மூத்த பிள்ளைக்குப் பதினொரு வயது.

ஏன் இப்படி நடந்தது? நம் தோட்டக் காணி அரசாங்கத்தின் காணி. 1992-இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போனபோது, காணியைக் குத்தகைக்குத்தான் கொடுத்தார்கள். ஆகவே லயக் காம்பராவையோ, உறுதி கிடைக்காத தோட்ட வீட்டையோ ஒரு தொழிலாளி இன்னொருவருக்கு விற்க வழியில்லை. தன்னிடம் இல்லாததை யாரும் விற்க முடியாது. அதோடு, 1840-ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. காணி விற்பது, வாங்குவது எல்லாம் எழுத்தில், நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்திட்டதாக இருக்க வேண்டும். கடையில் எழுதிய கடதாசி, தலைவர் முன்னால் எழுதிய கடதாசி, கோயிலில் சத்தியம் பண்ணிக் கொடுத்த கடதாசி எதுவும் சட்டத்தின் முன் நிற்காது.

வெளியில் காணி வாங்குகிறவர்கள் இந்த நாலு விஷயத்தையும் கேளுங்கள். ஒன்று, மூல உறுதி எங்கே? நகலைக் காட்டினால் போதாது. இரண்டு, நில அளவையாளர் வரைந்த பிளான் எங்கே, அதிலுள்ள எல்லைக்கல் நிலத்திலும் இருக்கிறதா? மூன்று, அந்தக் காணிக்குப் பாதை பிளானில் காட்டப்பட்டிருக்கிறதா? நாலு, காணிப் பதிவகத்தில் பார்த்தால் அந்தக் காணி யார் பெயரில் இருக்கிறது, ஈட்டில் இருக்கிறதா? கடைசி விஷயத்தை நொத்தாரிசைக் கொண்டு பின்னோக்கி முப்பது வருஷத்துக்காவது தேடச் சொல்லுங்கள். அதற்குக் கொஞ்சம் செலவாகும். அந்தச் செலவுக்குப் பயந்துதான் நம் ஆட்கள் லட்சக்கணக்கில் இழக்கிறார்கள்.

காணியின் விலையோடு முத்திரைத் தீர்வையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். பத்து லட்சத்துக் காணி என்றால் 3,000-உம் 36,000-உம் சேர்த்து 39,000 ரூபாய். நொத்தாரிசின் கூலி வேறு. இதை நினைக்காமல் முழுச் சல்லியையும் விற்கிறவரிடம் கொடுத்துவிட்டு, “உறுதி பிறகு எழுதலாம்” என்று இருந்துவிடாதீர்கள். பிறகு எழுதலாம் என்றிருக்கும்போது விற்றவர் கண்ணை மூடிவிட்டால், ஆறு பிள்ளைகளிடம் கையெழுத்துக்கு அலைய வேண்டும்.

திட்டத்தில் வீடு கிடைக்கிறவர்களும் கவனிக்க வேண்டும். கையில் தரும் கடதாசிக்கு என்ன பெயர்? அது வெறும் கடிதமா, அனுமதிப்பத்திரமா, உறுதியா? காணிப் பதிவகத்தில் பதிந்ததா? பிள்ளைக்கு எழுதிக் கொடுக்க முடியுமா? கடனைக் கட்டி முடித்தும் உறுதி கைக்கு வராத குடும்பங்கள் பல தோட்டங்களில் உண்டு. ஆகவே தவணை பிடித்த சம்பளச் சிட்டை ஒன்றைக்கூட எறியாதீர்கள். ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். நாளைக்கு உறுதி கேட்டுப் போகும்போது உங்களுக்குச் சாட்சி அதுதான்.

பெயர் விஷயம் முக்கியம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், ஈ.பி.எப். புத்தகத்தில் இன்னொரு பெயர். கூப்பிடுகிற பெயரை எழுதிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். இதை உறுதி எழுதும் நாளில் திருத்த முடியாது. இன்றைக்கே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் என்னிடம் வாருங்கள். திருத்தக்கூடியதைத் திருத்தலாம், தேவையானதற்குச் சத்தியக்கடதாசி செய்யலாம்.

உறுதி சிங்களத்திலோ இங்கிலீசிலோ இருந்தால், கையெழுத்துப் போடும் முன் வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வெட்கம் வேண்டாம்.

இப்போது அண்ணன்மார் கோபிக்கக்கூடாது. வீட்டை யார் பெயரில் எழுதுவது? குடும்பத் தலைவர் என்றதும் ஆம்பிளை பெயரை எழுதிவிடுகிறோம். மலையில் மழையில் நின்று அந்தக் கடனைக் கட்டுவது அனேகமாக அக்காமார். புருஷன் குடித்துவிட்டு விற்க நினைத்தாலும், செத்துப்போய் அவர் பக்கத்து உறவு வந்து நின்றாலும், அக்காவும் பிள்ளைகளும் நடுத்தெருவில் நிற்கக்கூடாது. இரண்டு பேர் பெயரிலும் எழுதுங்கள். இரண்டு பெயரும் எழுத முடியுமா என்று விண்ணப்பம் கொடுக்கும்போதே கேளுங்கள்.

3. பாதை, தண்ணீர், மலசலகூடம்

ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நடுச்சாமத்தில் வீட்டில் ஒரு பொண்ணுக்குப் பிரசவ வலி வந்தால், வண்டி நிற்கும் இடத்துக்கு எத்தனை பேர் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? ஆட்டோவாவது வராத காணி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் மலிவு இல்லை. சீமெந்தும் கல்லும் தலைச்சுமையாகத்தான் வரும். அந்தக் கூலியைச் சேர்த்துப் பார்த்தால் விலை தெரியும்.

பாதை பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டங்களுக்குள் வேலை செய்யப் பிரதேச சபைகளுக்குத் தடையாக இருந்தது. 2018-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே “தோட்டத்துக்குள் எங்களால் முடியாது” என்று யாராவது சொன்னால், 2018 திருத்தத்தைச் சொல்லிக் கேளுங்கள். தனித்தனியாகப் போகாமல் சங்கமாக எழுதிக் கேட்போம்.

தண்ணீரையும் வரட்சி மாதத்தில் பார்க்க வேண்டும். மாசி, பங்குனியில் பீலியில் தண்ணீர் வருகிறதா? அந்த ஊற்று யாருடைய காணியில் இருக்கிறது? மலசலகூடக் குழி, ஊற்றுக்கும் கிணற்றுக்கும் மேலே வரக்கூடாது. குறைந்தது 50 அடி தள்ளி இருக்க வேண்டும். உங்கள் குழி பக்கத்து வீட்டு ஊற்றுக்கு மேலே வந்தாலும் பிழைதான்.

ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடிக்குச் சற்றுக் கூட. ஏழு பேர்ச்சஸ் சுமார் 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு, குழி, கான், படிக்கட்டு, வெட்டின கரை எல்லாம் போனால் என்ன மிச்சம் என்று நிலத்தில் கயிறு கட்டிப் பாருங்கள். குழிக்கும் கானுக்கும் முதலில் இடம் விட்டு, பிறகு வீட்டுக்கு இடம் போடுங்கள்.

4. கடன்

கடன் வாங்காமல் நம்மில் யாரும் வீடு கட்ட முடியாது. கடன் தப்பில்லை. எந்தக் கடன் என்பதுதான் கேள்வி.

மாதம் எவ்வளவு கட்டலாம் என்று கணக்குப் போடும்போது, கொழுந்து அதிகமாக வரும் மாதச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள். கொழுந்து குறைந்த மாதத்துச் சிட்டையை எடுங்கள். அரிசி, மா, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, மருந்து, சீட்டு, கோயில் வரி எல்லாம் போக என்ன நிற்கிறது? அதற்குள் தவணை அடங்க வேண்டும்.

வட்டியில் இரண்டு விதம் உண்டு. மூன்று லட்சம் ரூபாய் கடன், 12 வீத வட்டி, மூன்று வருஷம் என்று வையுங்கள். எடுத்த முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி போட்டால், வட்டி மட்டும் 1,08,000 ரூபாய். நீங்கள் கட்டக் கட்டக் குறையும் மீதிக்கு மட்டும் வட்டி போட்டால், வட்டி ஏறக்குறைய 58,700 ரூபாய். இரண்டுக்கும் பெயர் 12 வீதம்தான். வித்தியாசம் 49,000 ரூபாய்க்கு மேல். அது ஒரு மலசலகூடத்தின் பெரும் பகுதிச் செலவு. ஆகவே “எத்தனை வீதம்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “கடைசியில் எல்லாமாக எவ்வளவு கட்டி முடிப்பேன்?” என்று கேட்டு, அதைக் கடதாசியில் எழுதி வாங்குங்கள்.

வாராவாரம் வீட்டு வாசலில் வந்து வாங்கும் குழுக்கடனை வீட்டு வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். வீடு வாராவாரம் வருமானம் தராது. ஒரு குழுக்கடனை அடைக்க இன்னொரு குழுக்கடன் எடுத்து, கடைசியில் தாலிக்கொடியை அடகு வைத்த அக்காமார் இந்த மடுவத்திலேயே இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

ஈ.பி.எப். பற்றிப் பலர் கேட்டீர்கள். பத்து வருஷத்துக்கு மேல் பணம் கட்டியிருந்து, கணக்கில் மூன்று லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால், வீட்டுத் தேவைக்காக 30 வீதம் வரை வேலையில் இருக்கும்போதே எடுக்கும் வழி 2015-இலிருந்து இருக்கிறது. இது தவிர, கணக்கில் உள்ளதில் 75 வீதம் வரை பொறுப்புக் காட்டி வங்கியில் வீட்டுக்கடன் எடுக்கவும் முடியும். அந்தக் கடனைக் கட்டாவிட்டால் உங்கள் ஈ.பி.எப்.பிலிருந்தே வெட்டிக்கொள்வார்கள். இரண்டும் நல்ல வழிதான். ஆனால் அது வயதான காலத்து அரிசி என்பதை மறக்க வேண்டாம். காணி, அத்திவாரம், கூரைக்கு எடுங்கள். டைல்ஸ் போடவும் வீடு குடிபுகும் விருந்துக்கும் எடுக்காதீர்கள்.

5. வீடு

இவ்வளவுக்கும் பிறகுதான் வீடு. நாம் லயத்தில் நெருக்கடியில் வாழ்ந்தவர்கள். அதனால் நாலு அறை, ஹோல், மேல்மாடிக்குக் கம்பி என்று ஆசைப்படுகிறோம். ஆசையில் தப்பில்லை. ஆனால் ஆயிரம் சதுர அடிக்கு அத்திவாரம் போட்டுச் சல்லி முடிந்து, ஐந்து வருஷமாகப் புல் முளைத்துக் கிடக்கும் வீடுகளை எல்லோரும் பார்க்கிறோம். மழையில் கம்பி துருப்பிடிக்கிறது, வாங்கின சீமெந்து இறுகிப் போகிறது, கடன் மட்டும் குறையாமல் நிற்கிறது.

முழு வீட்டுக்கும் பிளான் போடுங்கள். அதில் இரண்டு அறை, குசினி, மலசலகூடம் ஆகியவற்றை முதலில் கூரையோடு முடித்துக் குடிபோங்கள். அடுத்த அறை எந்தப் பக்கம் வரும் என்று முதலிலேயே தீர்மானித்து, அந்தப் பக்கம் குழியோ கானோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். விறகு எரிக்கிற குசினிக்குப் புகைபோக்கி வையுங்கள், அம்மாமாரின் நெஞ்சு தப்பும். கரண்ட் வயர் இழுக்கும் வேலையைப் பூச்சுக்கு முன்பே முடியுங்கள். கையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள், எப்படியும் ஒரு எதிர்பாராத செலவு வரும். மேசன் பாஸுக்கு முழுக் கூலியையும் முன்னால் கொடுக்காதீர்கள். வேலை முடிய முடியக் கொடுங்கள், கொடுத்ததைக் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

போன கூட்டத்தில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: “ஐயா, இத்தனையும் பார்த்துக்கிட்டு இருந்தா நாங்க எப்பத்தான் வீட்டுக்குப் போறது?” நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நான் காத்திருக்கச் சொல்லவில்லை, ஒழுங்கு முறையாகச் செய்யச் சொல்கிறேன். பெயர் திருத்த வீடு கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, நாளைக்கே தொடங்கலாம். மழையில் காணியைப் பார்க்கச் செலவில்லை. வட்டிக் கணக்குக் கேட்கச் செலவில்லை.

ஆகவே அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் ஒரு பையில் இவற்றைக் கொண்டுவாருங்கள்: புருஷன் பெண்சாதி இருவரின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், ஈ.பி.எப். இலக்கம், கைவசமிருக்கும் சம்பளச் சிட்டைகள், இப்போது கட்டிக்கொண்டிருக்கும் கடன்களின் விபரம். எழுதத் தெரியாதவர்கள் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தப் பிள்ளைகளும் இதைக் கற்றுக்கொள்ளட்டும். நாளைக்கு அவர்கள் வீடு வாங்கும்போது, கூடப் போய் உறுதி வாசிக்க ஓர் அப்பாவும் அம்மாவும் அவர்களுக்கு இருப்பீர்கள்.

நான் முதலில் சொன்ன அந்தக் குடும்பம் இப்போது மறுபடியும் தங்கள் வீட்டில்தான் இருக்கிறது. போன வருஷம் போய்ப் பார்த்தேன். பின்பக்கம் கல்லடுக்கு, மேலும் கீழும் கான். குசினிச் சுவருக்கு இன்னும் வர்ணம் அடிக்கவில்லை. அந்த வீட்டு அக்கா எனக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, “வர்ணம் மெதுவா அடிப்போம் ஐயா, மழை பெஞ்சாலும் இப்ப தூங்குறோம்” என்று சொன்னார்.

உங்கள் எல்லோருக்கும் அப்படித் தூங்கக்கூடிய வீடு கிடைக்க வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.